நொதிப் பாடத்தில் விடுபட்ட நேரம்

உயிரியல் பாடநூலில் நொதிகள் பற்றிய பகுதியைப் புரட்டுங்கள். மணி வடிவ வளைகோடு ஒன்று தவறாமல் இருக்கும். கீழே வெப்பநிலை, பக்கத்தில் வினையின் வேகம். உச்சிக்கு நேரே உள்ளதை 'உகந்த வெப்பநிலை' என்று மனப்பாடம் செய்கிறோம். ஆனால் அச்சோதனை எத்தனை நிமிடம் நடந்தது என்பது படத்தில் இராது.

இது சிறு குறையன்று. மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து இனிப்புப் பாகு எடுக்கும் தொழில் அமெரிக்காவில் 1960-களின் பிற்பகுதியில் வளர்ந்தது. அங்கே குளுக்கோஸைப் பிரக்டோஸாக மாற்றுவது குளுக்கோஸ் ஐசோமரேஸ் என்னும் நொதி. ஆய்வகத்தின் சில நிமிடச் சோதனையில் இதன் வகைகள் பலவும் 80 டிகிரி செல்சியஸை ஒட்டியே மிக விரைவாக வேலை செய்கின்றன. ஆலையிலோ பாகு ஓடுவது 55 முதல் 60 டிகிரியில்! பாடநூலை நம்பிய மாணவர், ஆலைக்காரருக்கு விவரம் போதாது என்றே எண்ணுவார்.

ஆலைக்காரரின் கணக்கு வேறு. நொதியைத் திடப்பொருளுடன் பிணைத்து, உயரமான கலனில் நிரப்பி, அதன் வழியே பாகை இரவும் பகலும் செலுத்துகிறார். நொதி மாதக்கணக்கில் உழைத்தால்தான் கட்டுப்படியாகும். சூடு ஏறினால் வினை விரைகிறது. நொதியின் புரத மடிப்பு குலைவது அதைவிட விரைகிறது. 80 டிகிரியில் கிடைக்கும் வேகம் சிறிது நேரக் கூத்து. மிகவும் தணித்தாலோ, பாகில் நுண்ணுயிர்கள் குடியேறிவிடும். நொதி தளரத் தளரப் பாகின் ஓட்டத்தை மெதுவாக்கி, பிரக்டோஸ் அளவு 42 விழுக்காட்டிலிருந்து குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

சோதனைக்குழாய் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். அதே ஆலையின் முதற்கட்டத்தில் மாவுச்சத்தை உடைப்பது ஆல்பா அமிலேஸ். பாசிலஸ் லைக்கனிபார்மிஸ் என்னும் பாக்டீரியம் தரும் இந்நொதி 105 டிகிரியில் சுமார் 5 நிமிடமும், பிறகு 95 டிகிரியில் ஓரிரு மணி நேரமும் தாக்குப்பிடிக்கிறது. கால்சியமும் மாவுச்சத்தும் இல்லாத நீர்த்த கரைசலில் இதே சூட்டில் வைத்தால் வெகு சீக்கிரம் செயலிழக்கும். அடர்ந்த கூழும் கால்சியமுமே அதன் கவசம். வேடிக்கை என்னவென்றால், பின்னால் வரும் ஐசோமரேஸுக்கு அந்தக் கால்சியமே இடையூறு! அதை நீக்கி, மக்னீசியம் சேர்த்த பிறகுதான் பாகைக் கலனுக்குள் விடுகிறார்கள்.

வெறும் கரைசலில் கண்ட அரை ஆயுளை மட்டும் காட்டி, 'தொழிலுக்கு ஏற்ற நொதி' என்று முடிக்கும் ஆய்வுக் கட்டுரைகளையும் இந்தக் குறை விடவில்லை.

மணி வளைகோட்டை நீக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு படம் போடலாம்: கீழே நாட்கள், பக்கத்தில் எஞ்சிய செயல்திறன், 60 டிகிரிக்கு ஒரு கோடு, 80 டிகிரிக்கு ஒரு கோடு. அது வரும்வரை, கரும்பலகையில் வளைகோடு வரையும் ஆசிரியரிடம், "ஐயா, இது எத்தனை நிமிடச் சோதனை?" என்று நீங்கள் கேட்கலாம்.