‘ஏழு’ என்பதும் ‘ஏழாம்’ என்பதும்

தமிழ் இலக்கணம் அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காக வகுத்துள்ளது. அளவையாகுபெயர் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் இதனை அறிவர். இந்நான்கிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. இரண்டு படி அரிசியோடு மூன்று படி சேர்ந்தால் ஐந்து படியாகும். இரண்டு முழத்தோடு மூன்று முழம் சேர்ந்தால் ஐந்து முழமாகும். நான்கும் கூட்டலுக்கு இடந்தருவன. ஆனால், பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் வழங்கும் மதிப்பெண் இந்நான்கனுள் எதனைச் சார்ந்தது என்று வினவினால் விடை எளிதிற் கிடைப்பதில்லை.

இத்தகைய வினாவைக் கூர்மையாக எழுப்பியவர் அமெரிக்க உளநூல் அறிஞர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ். மனித உணர்ச்சியை அளக்க இயலுமா என்று பிரித்தானிய அறிஞர் குழுவொன்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டும் உடன்பாடு காணவில்லை. பூசல் அளத்தல் என்னும் சொல்லின் பொருளைப் பற்றியதே என்று கண்ட ஸ்டீவன்ஸ், 1946ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் நான்கு பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகிதவளவை என அளவைகள் நால்வகைப்படும் என்பது அவர் கொள்கை. பந்தாட்டக்காரரின் சட்டையில் உள்ள எண் பெயரளவை. அது ஆளை அடையாளங்காட்டுவதன்றி வேறொன்றும் சொல்லாது. நீளமும் எடையும் விகிதவளவை. குழப்பம் விளைவது இடைப்பட்ட இரண்டிலுமே. அவற்றைத் தெளிவாகக் காட்டுவதற்கு நிலநூலே தக்க களமாக விளங்குகிறது.

கனிமங்களின் கடினத்தை அறிய, பிரீட்ரிக் மோஸ் என்னும் செருமானிய அறிஞர் 1812ஆம் ஆண்டு பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கீறிப் பார்ப்பதே அவருடைய முறை. கீறுவது மேல்நிலை, கீறல் படுவது கீழ்நிலை. இவ்வரிசையில் ஜிப்சம் 2, அப்பட்டைட்டு 5, படிகக்கல் 7, குருந்தக்கல் 9, வைரம் 10. (ஆங்கிலத்தார் குருந்தக்கல்லுக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் தமிழ்க் ‘குருந்தம்’ என்பதன் திரிபே என அகராதிகள் கூறும்.) ஒன்பதிற்கும் பத்திற்கும் இடையே உள்ளது ஒரே எண்தான், ஆயினும் நுண்கருவி கொண்டு அளந்தால் வைரம் குருந்தக்கல்லைக் காட்டிலும் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமுடையது. எண்களுக்கு இடையிலுள்ள தூரம் பொருளற்றது. முன் பின் என்னும் முறை ஒன்றே பொருளுடையது.

இவ்வேறுபாட்டைப் புலப்படுத்தத் தமிழில் ‘ஆம்’ என்னும் ஓர் ஈறு போதும். ‘ஏழு’ என்பது அளவு. ‘ஏழாம்’ என்பது நிலை. படிகக்கல்லின் கடினம் ஏழு என்று சொல்லுங்கால், ஐந்தும் இரண்டும் ஏழு என்னும் வாய்பாடு தானே நினைவிற்கு வருகிறது. அதனை ஏழாம் கல் என்று சொல்லிவிட்டால், ஐந்தாம் கல்லோடு இரண்டாம் கல்லைச் சேர்த்தால் ஏழாம் கல் வரும் என எவரும் மயங்கார்.

நிலநடுக்க அளவு இதனின் வேறானது. 1935இல் சார்லசு ரிக்டர் வகுத்த முறையில் ஒவ்வொரு படிக்கும் நில அதிர்வின் வீச்சு பத்து மடங்காகும். வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகும். பின்னர் வந்த அளவைமுறையும் இந்தப் படிமுறையை ஒட்டியே அமைக்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டு சூன் 5ஆம் நாள் சபாவின் ரானாவ் பகுதியைக் குலுக்கிய நடுக்கத்தின் அளவு 6.0. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவிற்கு அருகே எழுந்து, பினாங்கு, கெடா கரைகள்வரை ஆழிப்பேரலையை அனுப்பிய நடுக்கத்தின் அளவு 9.1. எண்ணை மட்டும் பார்ப்பவர் பின்னது முன்னதைப்போல் ஒன்றரை மடங்கு என்பர். ஆற்றலைக் கணக்கிட்டால் நாற்பதாயிரம் மடங்கிற்கும் மேல்! இங்கே கழித்தலுக்குப் பொருள் உண்டு. வகுத்தலுக்குப் பொருள் இல்லை. வெப்பமானியில் 30 பாகை 15 பாகையைப் போல் இரு மடங்கு வெப்பம் அன்று என்பதும் இவ்வகையினதே.

இனி, மதிப்பெண்ணுக்கு வருவோம். நாற்பது வினாக்களுள் முப்பதிற்குச் சரியான விடை தந்த மாணாக்கனுக்கு முப்பது மதிப்பெண் வழங்குதல் எண்ணல் அளவையே. ஆயினும் எண்ணப்பட்டவை விடைகள், அறிவு அன்று. சுழி மதிப்பெண் பெற்றவனுக்குத் தமிழே தெரியாது என்று சொல்வதற்கில்லை. எண்பது பெற்றவள் நாற்பது பெற்றவளினும் இரு மடங்கு தமிழறிந்தவள் என்று கூறுவதற்கும் இல்லை. கட்டுரைக்கு வழங்கும் மதிப்பெண்ணோ பெரும்பாலும் மோசின் கற்களை ஒத்தது. இக்கட்டுரை அக்கட்டுரையினும் மேல் என்று தேர்வாளர் துணிந்து கூறலாம். எவ்வளவு மேல் என்று கூறுதல் அரிது.

வரிசையளவைக்கு நடு எண்ணைக் காணலாம், சராசரி காணலாகாது என்பது ஸ்டீவன்சின் விதி. இவ்விதியைக் கேலி செய்து, பிரெடரிக் லார்டு என்னும் தேர்வியல் அறிஞர் 1953இல் ஒரு கதை புனைந்தார். பேராசிரியர் ஒருவர் பந்தாட்டக் குழுக்களுக்குச் சட்டை எண்களை விற்கிறார். தமக்குச் சிறிய எண்களே வந்தன என்றும், மூத்த மாணவர் நகைக்கின்றனர் என்றும் முதலாண்டு மாணவர் முறையிடுகின்றனர். புள்ளியியல் வல்லுநர் ஒருவர் சற்றும் தயங்காமல் அவ்வெண்களைக் கூட்டிச் சராசரி கண்டு, இது தற்செயலாக நேர்ந்திருக்க இயலாது என்று மெய்ப்பிக்கிறார். எங்கிருந்து வந்தோம் என்பதை எண்கள் அறியமாட்டா என்பது அவருடைய வாதம்.

கதை சுவையானது, ஆயினும் அது வென்றது பாதி வழக்கே. எண்கள் ஒருதலையாகப் பங்கிடப்பட்டனவா என்பதே அங்கு எழுந்த வினா. அதற்குச் சராசரி விடை தரும். எந்தக் குழு திறமையாக ஆடும் என்று வினவியிருந்தால் அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. ஸ்டீவன்சும் அவரைப் பின்பற்றுவோர் காட்டுவது போல் அத்துணைக் கண்டிப்பானவர் அல்லர். உளநூலில் வழங்கும் அளவைகளிற் பெரும்பாலானவை வரிசையளவைகளே என்றும், முறைப்படி அவற்றிற்குச் சராசரி கூடாதென்றும் கூறிய அவரே, நடைமுறையில் அது பயன் விளைத்தலால் இசைவளிக்கலாம் என்று அக்கட்டுரையிலேயே எழுதினார். கொள்கையின் குறை வேறிடத்தில் உள்ளது. நான்கு பெட்டிகளை மட்டும் அமைத்துவிட்டு, இரண்டிற்கும் நடுவே நிற்கும் மதிப்பெண்ணை எதனுள் இடுவது என்பதற்கு அது வழிகாட்டவில்லை.

இது ஏட்டளவில் நிற்கும் வாதமன்று என்பதைச் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு காட்டும். முன்னைய முறையில் மாணாக்கரின் மதிப்பெண் ஏனையோரின் சராசரியோடு ஒப்பிட்டு மாற்றப்பட்டது. 2021ஆம் ஆண்டு அது நீக்கப்பெற்று, ஒவ்வொரு பாடத்திற்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை வழங்கப்படுகிறது. பிறர் எழுதியதைப் பொறுத்து ஒரு குழந்தையின் மதிப்பு ஏறி இறங்குவது நின்றது, இது பெருநன்மை. ஆனால் நிலைகளின் அகலம் ஒத்ததன்று. இரண்டாம் நிலைக்கு 85 முதல் 89 வரை ஐந்து மதிப்பெண். ஆறாம் நிலைக்கு 45 முதல் 64 வரை இருபது மதிப்பெண். தமிழில் 45இலிருந்து 64க்கு உயர்ந்த குழந்தையின் உழைப்பு ஏட்டில் பதிவாவதில்லை. 84இலிருந்து 85க்கு உயர்ந்தது பதிவாகிறது.

இவ்வாறு ‘ஆம்’ ஈறு பெற வேண்டிய நிலைகளை நான்கு பாடங்களுக்கும் கூட்டி, 4 முதல் 32 வரை ஒரு தொகை காண்கின்றனர். நான்கு பாடங்களிலும் 84 பெற்றவருக்கு மூன்றாம் நிலை நான்கு முறை, தொகை 12. மூன்று பாடங்களில் 90உம் நான்காவதில் 19உம் பெற்றவருக்கோ தொகை 11. குறைந்த தொகையே சிறந்தது ஆதலின் பின்னவரே முந்துவார். இத்தகைய மாணாக்கர் அரியர் என்பது உண்மையே. எனினும் கணக்கு அதற்கு இடந்தருகிறது. மதிப்பெண்களையே நேரே கூட்டினால் குறை தீர்ந்துவிடும் என்பதும் அன்று. கணிதத்தின் ஒரு மதிப்பெண்ணும் தமிழின் ஒரு மதிப்பெண்ணும் ஒரே எடையின என்று எந்தத் தராசும் காட்டவில்லை. ஒரே தொகை பெற்றோர் ஓரிடத்திற்குப் போட்டியிட்டால் குடியுரிமை, பள்ளியைத் தெரிந்தெடுத்த வரிசை ஆகியவற்றைப் பார்த்து, இறுதியில் கணினிக் குலுக்கலால் முடிவு செய்கின்றனர். பிரித்தறிய இயலாத இடத்தில் இயலாது என்று ஒப்புக்கொள்ளும் குலுக்கல், கூட்டலைக் காட்டிலும் நேர்மையானது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வகுப்பறை மதிப்பீட்டில் வழங்கும் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளும் மோசின் வரிசையைப் போன்றனவே. ஒரு வகுப்பின் தமிழ் அடைவு ‘4.3’ என்று எழுதினால், நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இடையே யாருமற்ற ஓரிடத்தைச் சுட்டியதாகும். முதல் நிலையில் எத்தனை பேர், இரண்டாம் நிலையில் எத்தனை பேர் என ஆறு எண்களை வரிசையாக எழுதினால், அவை எண்ணல் அளவை. கூட்டலாம், சென்ற ஆண்டோடு ஒப்பிடலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் மூவர் அவ்வகுப்பில் இருப்பதும் அதில் தெரியும்.