அர்ஹீனியஸின் கணக்கும் கனவும்

"பூமி முன்னொரு காலத்தில் குளிர்ந்தது, பின்னர் வெப்பமுற்றது. அவ்வாறிருக்க, இன்றைய வெப்பத்திற்கு மட்டும் ஏன் இத்துணைப் பதற்றம்?" கற்றறிந்தோர் கூடும் அவைகளிலும் இவ்வினா எழுவதுண்டு. விஞ்ஞானிகள் எண்ணிப் பாராத ஒன்றைத் தாம் கேட்டுவிட்டதாகவே கேட்போர் கருதுகின்றனர். உண்மை இதற்கு மாறானது. பூமி ஏன் முன்பு குளிர்ந்தது என்னும் வினாவே இத்துறையின் முதற் பெருங்கணக்கைப் பிறப்பித்தது. அக்கணக்கைப் போட்டவரே, பின்னர் அதன்மீது ஒரு கனவையும் கட்டினார். அவ்விரு எழுத்துகளையும் அருகருகே வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ், 1903-இல் நோபல் பரிசு பெற்றவர். காற்றிலுள்ள கரியமில வாயு பூமியின் வெப்பத்தை எவ்வாறு பாதிக்கிறது என்னும் அவருடைய ஆய்வுரை 1896-இல் லண்டன் 'ஃபிலாசஃபிகல் மேகஸின்' இதழில் வெளியாயிற்று. ஐரோப்பாவைப் பனிப்பாளங்கள் மூடிக்கிடந்த பனியுகத்திற்குக் காரணம் தேடியே அவர் புறப்பட்டார். காற்றுமண்டலம் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது என்னும் கருத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே 1824-இலேயே உரைத்திருந்தார். கரியமில வாயு நிரப்பிய குழாய் வெயிலில் மிகுதியாகச் சூடேறுவதை அமெரிக்கப் பெண்மணி யூனிஸ் ஃபுட் 1856-இல் கண்டு எழுதினார். வெப்பக் கதிர்களை வாயுக்கள் ஈர்ப்பதை ஜான் டிண்டல் 1859-இல் அளந்து காட்டினார். எவ்வளவு வாயு குறைந்தால் எவ்வளவு குளிரும் என்று எண்ணால் கூறியவர் அர்ஹீனியஸே.

இதற்கென அவர் புதுச் சோதனை எதுவும் செய்தாரில்லை. நிலவிலிருந்து வரும் வெப்பத்தை அமெரிக்கரான லாங்லி அளந்து வைத்திருந்த பட்டியலை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஓராண்டுக் காலம் கையாலேயே கணக்கிட்டார். கரியமில வாயு அன்றிருந்த அளவில் 55 முதல் 62 விழுக்காடாகக் குறைந்திருந்தால், வெப்பம் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸ் தாழ்ந்து பனியுகம் நேரும் என்றார். மறுபுறம், அவ்வாயு இருமடங்கானால் வெப்பம் 5 அல்லது 6 டிகிரி உயரும் என்றும் கண்டார்.

குறைகளை மறைப்பது விமர்சனம் ஆகாது. கரியமில வாயு வெப்பத்தை மிகுதியாக ஈர்க்கும் அலைநீளப் பகுதி, அவர் நம்பிய அளவீடுகளில் சரிவர அடங்கவில்லை. காற்று மேலெழுந்து வெப்பத்தைச் சுமந்து செல்வதை அவர் கணக்கில் கொள்ளவில்லை. பனியுகத்தின் தொடக்கக் காரணமும் அவர் எண்ணியது அன்று. பூமியின் பாதையும் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் சூரிய ஒளி விழும் பாங்கு மாறுகிறது. பனியுகங்களின் தாளம் அதனோடு இயைகிறது என்பதைக் கடலடி வண்டல்களைக் கொண்டு ஹேஸ், இம்ப்ரி, ஷேக்கிள்டன் மூவரும் 1976-இல் நிறுவினர்.

அவர் காலத்தவரே எழுப்பிய மறுப்பும் ஒன்றுண்டு. குழாயிலுள்ள வாயுவின் அளவைக் குறைத்தாலும் அது ஈர்க்கும் வெப்பம் பெரிதும் மாறவில்லை என்று 1900-இல் க்நூட் ஆங்ஸ்ட்ரோம் எழுதினார். ஏற்கெனவே நிறைந்த பாத்திரத்தில் மேலும் நீர் ஊற்றிப் பயனென்ன என்பது அவ்வாதத்தின் சாரம். அறிவுலகம் அரை நூற்றாண்டு இதனையே பெரிதும் நம்பிற்று. ஆனால் பூமியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிச் செல்லும் இடம் தரையன்று. காற்று மெலிந்து, குளிர்ந்து, ஈரமற்றிருக்கும் உயரமே அவ்விடம். வாயு கூடக்கூட அவ்வாயில் இன்னும் உயரே, இன்னும் குளிர்ந்த அடுக்கிற்கு நகர்கிறது. குளிர்ந்த அடுக்கு குறைவாகவே வெப்பத்தை வெளிவிடும். எஞ்சிய வெப்பம் கீழே தங்குகிறது. 1950-களில் கில்பர்ட் பிளாஸ் முதலானோர் இதனைத் தெளிவுபடுத்தியபின் ஆங்ஸ்ட்ரோமின் மறுப்பு வலுவிழந்தது.

இத்தனை குறைகளுக்குப் பின்னும் கணக்கு நிலைத்தது வியப்பன்றோ? அண்டார்க்டிகாவின் பனியைத் துளைத்தெடுத்து, அதனுள் சிறைப்பட்ட பழங்காற்றின் குமிழ்களை ஆராய்ந்து, 8 லட்சம் ஆண்டுகளின் வரலாற்றை விஞ்ஞானிகள் படித்துள்ளனர். பனியுகங்களில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180 அளவுக்குத் தாழ்ந்தது. இடைப்பட்ட வெப்பக் காலங்களில் 280 அல்லது 300 வரை உயர்ந்தது. பனியுகத்தைத் தொடங்கி வைத்தது சூரிய ஒளியின் மாற்றமெனினும், அம்மாற்றத்தைப் பன்மடங்கு பெருக்கி உலகெங்கும் பரப்பியதில் இவ்வாயுவுக்குப் பெரும் பங்குண்டு. வாயு இருமடங்கானால் 2.5 முதல் 4 டிகிரி வரை வெப்பம் உயரக்கூடும் என்பது 2021-இல் வெளியான பன்னாட்டு அறிஞர் குழுவின் மதிப்பீடு. அர்ஹீனியஸின் எண் சற்று மிகை. எனினும் திசை பிசகவில்லை. துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பம் மிகும், கோடையினும் குளிர்காலத்தில் மிகும் என அவர் கூறியவையும் மெய்யாயின.

இனி, அவருடைய கனவுக்கு வருவோம். பொதுமக்களுக்கென அவர் எழுதிய 'உலகங்களின் உருவாக்கம்' என்னும் நூல் ஸ்வீடிஷ் மொழியில் 1906-இலும் ஆங்கிலத்தில் 1908-இலும் வெளிவந்தது. நிலக்கரி எரிப்பு 1890-இல் ஆண்டுக்கு 51 கோடி டன். 1904-இல் 89 கோடி டன். இவ்விரைவைக் குறித்துக்காட்டிய ஆசிரியர், அஞ்சவில்லை, மகிழ்ந்தார். குளிர்ந்த தேசங்களின் பருவநிலை இனிதாகும், விளைச்சல் பெருகும், பெருகும் மக்களினம் பயனுறும் என்று நம்பிக்கை தெரிவித்தார்.

நூலின் பெருங்குறை இங்கேதான் உள்ளது. கணக்கு உலகம் முழுமைக்கும் உரியது. கனவோ வடபுலத்திற்கு மட்டும் உரியது. நீண்ட இருட்குளிரில் வாழும் ஒருவர் வெப்பத்தை வரவேற்பது இயற்கை. அதற்காக அவரைக் கடிந்துரைத்தல் தகாது. ஆயினும் ஏற்கெனவே வெயிலில் காயும் நாடுகளுக்கும், கடலோரத் தாழ்நிலங்களுக்கும் இவ்வெப்பம் என் செய்யும் என்னும் வினா அந்நம்பிக்கையில் இடம்பெறவில்லை. வெயிற் பூமியின் பிள்ளைகளாகிய நாம் அந்த வெற்றிடத்தை வாசிக்காமல் கடந்துவிட இயலாது.

விரைவைப் பற்றியும் அவர் குறைத்தே மதிப்பிட்டார். மாற்றம் உணரப்படச் சில நூற்றாண்டுகளாகும் என எண்ணினார். இன்று உலகம் ஓராண்டில் எரிக்கும் நிலக்கரி 800 கோடி டன்னுக்கும் மேல். 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 என்றிருந்த கரியமில வாயு, 2023-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. மிகுந்த பங்கு மனிதன் எரித்ததிலிருந்து வந்தது என்பதற்கும் சான்றுண்டு. பழமையான நிலக்கரியில் கதிரியக்கக் கார்பன் இராது. அதை எரிப்பதால் காற்றிலும் அதன் விகிதம் குறைவதை 1950-களில் ஹான்ஸ் சூஸ் கண்டறிந்தார்.

இப்போது முதல் வினாவுக்கு மீள்வோம். பூமி முன்பும் மாறியது மெய். கடைசிப் பனியுகம் விலகியபோது காற்றில் ஏறத்தாழ 100 அளவு வாயு கூடியது. அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடித்தன. தொழிற் புரட்சிக்கு முன்னிருந்த 280-க்கு மேல் 140 அளவைக் கூட்ட நமக்கு இரண்டு நூற்றாண்டுகளே போதுமாயின. கடந்த காலத்தைக் காட்டி ஆறுதல் தேடுவோர், அக்கடந்த காலம் கூறும் சாட்சியத்தை முழுமையாகக் கேட்பதில்லை. சிறு தூண்டுதலுக்கும் பெரிதாக அசையும் இயல்புடையது இப்பூமி என்பதே அச்சாட்சியம்.

அர்ஹீனியஸின் கனவைப் போற்றி வைக்க வேண்டிய கடமை நமக்கில்லை. அவருடைய கணக்கோ, ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்த அமானிதம். அதனைத் திருத்தியும் செம்மைப்படுத்தியும் காத்தவர் பலர். அதைப் படித்தும் படியாதவர்போல் இருப்போமாயின், நாளை நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு "அறியோம்" என்று விடையிறுக்க நமக்கு உரிமை இராது.