வாடையும் உத்துரே காற்றும்: கூதிர் - ஹேமந்தம் ஒப்பீட்டில் ஒளியும் பொழுதும்

முன்னுரை

தமிழ் நிலத்தில் கடுங்குளிர் இல்லை. ஆகவே சங்கப் பாடல்கள் கூறும் வாடைத்துயர் மரபு கருதிய மிகைக்கூற்றே என்னும் கருத்து அவ்வப்போது எழுவதுண்டு. வடபுலப் பருவ வருணனைகளோடு ஒப்பிட்டுக் கூதிரைச் 'சிறிய பனிக்காலம்' எனக் குறைத்து மதிப்பிடும் போக்கும் காணப்படுகின்றது. இவ்விரண்டும் குளிரின் அளவையே பருவத்தின் அளவாகக் கொள்வதால் நேர்ந்தவை. கொல்கத்தாவின் குளிர்காலத்தையும் வங்க இலக்கியத்தின் ஹேமந்தத்தையும் நெடுநல்வாடையோடு உடன்வைத்து நோக்கி, கூதிரின் துயர் குளிரால் அன்றி ஒளி மறைவாலும் ஈரத்தாலும் அமைவது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாதமும் பெயரும்

பருவத்தை ஆறாகப் பகுக்கும் முறை தமிழுக்கும் வங்கத்துக்கும் பொது. வங்க மரபில் கார்த்திக், அக்ரஹாயண் ஆகிய இரு மாதங்கள் ஹேமந்தம். பௌஷ், மாக் ஆகியவை சீதம். இங்கு மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டிய இடர் ஒன்றுண்டு. வங்கக் கார்த்திக் தமிழ்க் கார்த்திகை அன்று; அது ஐப்பசி. அக்ரஹாயணமே கார்த்திகை. பௌஷ் மார்கழி, மாக் மாசி அன்று, தை. பௌஷ் மாதத்தின் இறுதிநாளாகிய பௌஷ் சங்கராந்தி நம் பொங்கலை ஒட்டி வருவதே இதற்குச் சான்று. எனவே மாதக் கணக்கில் ஹேமந்தம் கூதிரோடும், சீதம் முன்பனியோடும் பிசகின்றிப் பொருந்துகின்றன.

மாதம் பொருந்தினும் அனுபவம் பொருந்தவில்லை. ஹேமந்தம் மழை ஓய்ந்து வானம் தெளிந்த அறுவடைக் காலம். அக்ரஹாயணத்தில் புது நெல் வீடு சேர, 'நவான்னம்' என்னும் புத்தரிசி விழா எடுக்கப்படும். அதே நாள்களில் தமிழகக் கடற்கரை வடகிழக்குப் பருவமழையில் நனைகின்றது. சென்னை ஆண்டு முழுவதும் பெறும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே பெய்துவிடுகின்றது. நெடுநல்வாடையில் நெல் களத்துக்கு வரவில்லை. மழையில் செழித்துக் கதிர் ஈன்று வயலிலேயே வணங்கி நிற்கின்றது. ஒன்று பயன் கைக்கு வந்த காலம். மற்றொன்று பயனை எதிர்நோக்கும் காலம்.

ஒரே காற்றின் இரு முகங்கள்

இவ்வேறுபாட்டின் காரணம் காற்றின் போக்கில் உள்ளது. கொல்கத்தா மக்கள் 'உத்துரே ஹாவா' எனப் பெயரிட்டழைக்கும் வடகாற்று நிலத்தின்மேல் வருவதால் வறண்டது. தெளிந்த வானையும் இளவெயிலையும் தருவது. அவ்வடபுலக் காற்றோட்டமே வங்கக் கடலைக் கடந்து, ஈரம் முகந்து, தமிழகத்தை அடையும்போது மழையொடு கூடிய வாடையாகின்றது. வாடையும் உத்துரே ஹாவாவும் ஒரே குடும்பத்தின. இடையில் கடல் கிடப்பதால் குணம் மாறியவை. ஆகவே 'உத்துரே ஹாவா' என்பதை 'வாடை' எனப் பெயர்ப்பது சொல்லளவில் சரியாயினும், தமிழ் வாசகர் நெஞ்சில் எழும் ஈரத்தையும் பிரிவையும் மூலத்தின்மேல் ஏற்றிவிடும்.

பகலின் நீளமும் பகலின் ஒளியும்

கொல்கத்தாவில் டிசம்பர்த் தொடக்கத்தில் மாலை 5 மணிக்கு முன்னரே ஞாயிறு மறைகின்றது. மதுரையில் 6 மணியை ஒட்டி மறைகின்றது. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி கடிகாரம் சார்ந்தது. இந்தியப் பொதுநேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. கொல்கத்தா அதற்குக் கிழக்கே 88 பாகைக்கும் அப்பால் உள்ளது. 1948 வரை வழக்கிலிருந்த கல்கத்தா நேரம் பொதுநேரத்தினும் ஏறத்தாழ 23 நிமிடம் முந்தியது. எஞ்சுவதே உண்மையான பகற்குறைவு: ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொல்கத்தாவில் 10 மணி 45 நிமிட அளவினது, மதுரையில் 11 மணி 30 நிமிட அளவினது.

கணக்கின்படி கொல்கத்தாவின் பகலே குறுகியது. ஆயினும் பொழுது தெரியாமல் மயங்குவோர் நெடுநல்வாடை மாந்தரே. பித்திகத்தின் அரும்புகளைத் தட்டில் இட்டு வைத்த மகளிர், அவை இதழ் விரிந்து மணம் கமழ்வது கொண்டு மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகின்றனர். மனைப்புறா இரவு பகல் அறியாது, இரை தேடச் செல்லாமல் இருந்த இடத்திலேயே கால் மாற்றி நிற்கின்றது. பெண்டிர் மூக்கால் பொழுதறிகின்றனர். புறா அதுவும் இயலாமல் திகைக்கின்றது. பகல் குறுகியதால் விளைந்த மயக்கமன்று இது. முகில் ஒளியை மறைத்ததால் விளைந்தது. பகலின் நீளம் வேறு, பகலின் ஒளி வேறு என்பதை நக்கீரர் ஒரு மலரையும் ஒரு பறவையையும் கொண்டு காட்டிவிடுகின்றார்.

குளிரை எதிர்கொள்ளும் முறைகளும் இந்நோக்கில் பொருள்படுகின்றன. விசிறி சிலந்தி நூல் படர்ந்து தொங்குகின்றது. தண்ணீர்க் கலம் தீண்டப்படாமல் கிடக்கின்றது. கோவலர் தீயில் காய்ச்சிய கையைக் கன்னத்தில் ஒற்றுகின்றனர். தண்மையால் திரிந்த யாழ் நரம்பை ஆடல் மகளிர் மார்பின் வெம்மையால் சீர்செய்கின்றனர். பழகிய கருவிகள் பயனிழந்து வேறு வழி தேடும் நிலை இது. வேனிலுக்கென அமைந்த வாழ்வு திடீரெனத் தன் ஒழுங்கை இழப்பதையே பாட்டு பதிவுசெய்கின்றது. அவ்விழப்பைப் பாகைக் கணக்கால் அளக்க இயலாது.

சாறும் பதநீரும்

வங்க இலக்கியத்தில் குளிர்காலம் பெரும்பாலும் ஈட்டத்தின் காலம். நரேந்திரநாத் மித்ராவின் 'ரஸ்' என்னும் சிறுகதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு; 1973இல் 'சௌதாகர்' என்னும் இந்தித் திரைப்படமாக வந்த கதை இது. ஈச்சமரச் சாறு இறக்கும் மொதாலேஃப், வெல்லம் காய்ச்சுவதில் வல்ல விதவை மாஜுகாத்தூனை மணக்கின்றான். அவள் கைத்திறனால் வந்த பொருளைக் கொண்டு இளம்பெண் புல்பானுவை அடைய அவளை விலக்குகின்றான். அடுத்த பருவத்தில் வெல்லம் பதம் கெடுகின்றது. இறுதியில் சாற்றுக் கலங்களைச் சுமந்து, இப்போது வேறொருவன் மனைவியாகிய மாஜுகாத்தூனின் வாயிலுக்கே வருகின்றான்.

ஈச்சஞ்சாறு குளிர்ந்த, தெளிந்த இரவுகளிலேயே நன்கு ஊறும்; வெப்பம் ஏறினால் புளித்துவிடும். எனவே கதையின் நெருக்கடி முழுவதும் பருவத்தின் குறுமையைச் சார்ந்தது. தமிழில் இதனைப் 'பதநீர்' என்றால் வாசகர் நினைவுக்கு வருவது பனை. பனையின் பதநீரோ வேனிற்காலத்தது. ஒரு சொல்லால் கதையின் பருவமே தலைகீழாகிவிடும். 'ஈச்சஞ்சாறு' எனப் பெயர்த்து, குளிர் இரவைத் தொடரிலேயே உணர்த்துவது தக்கதாகும். த. நா. குமாரசுவாமி, சு. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் வழியாக வங்கப் புனைகதை தமிழில் வேரூன்றிய சூழலில் இத்தகைய நுட்பங்கள் மேலும் ஆராயத்தக்கன.

ஈட்டமே வங்கக் குளிர்காலத்தின் முழுமை என்பதும் பொருந்தாது. 'தூசர் பாண்டுலிபி' (1936) தொகுப்பில் ஜீவனானந்த தாஸ் காட்டும் ஹேமந்தம் அறுவடை முடிந்த வெறுமை வயலும் பனியும் ஆந்தையும் மங்கும் ஒளியும் கொண்டது. கூதிரின் துயர் எதிர்நோக்கின் துயர். ஜீவனானந்தரின் ஹேமந்தத் துயர் நிறைவுக்குப் பின் வரும் வெறுமையின் துயர். இரண்டையும் 'பனிக்காலச் சோகம்' என ஒரு தலைப்பில் அடக்குவது இரண்டையும் இழப்பதாகும்.

இன்றைய கொல்கத்தா இதனை வேறொரு வகையில் உறுதிசெய்கின்றது. குரங்குக் குல்லாயும் நொலேன் குட் சந்தேஷும் புத்தகக் கண்காட்சியும் விடிய விடிய நிகழும் டோவர் லேன் இசை மாநாடும் குளிர்காலத்தைக் கொண்டாட்டமாக்குகின்றன. சென்னையின் மார்கழி இசை விழாவும் அவ்வாறே மழை ஓயும் காலத்தில் அமைகின்றது. அதேவேளை, குளிர்ந்த காற்று தரையை ஒட்டித் தேங்குவதால் நகரின் புகை மேலெழாமல் கொல்கத்தாவின் குளிர்கால ஒளியை மங்கச் செய்கின்றது. தெளிந்த வானமே ஹேமந்தத்தின் இலக்கணம் என்றால், அவ்விலக்கணம் இன்று திரிந்துவருகின்றது.

நிறைவுரை

கூதிரும் ஹேமந்தமும் மாதத்தால் ஒன்று. ஒளி, ஈரம், தொழில் ஆகியவற்றால் வேறு. தொல்காப்பியர் பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இணைத்தே முதற்பொருளாக்கினார். குறிஞ்சிக்குக் கூதிரோடு யாமத்தையும் உடன் வைத்தார். பருவமும் நாளின் ஒளியும் பிரியாதவை என்னும் அறிவு அதில் அடங்கியுள்ளது. அவ்வறிவின் வழி நோக்கின், நெடுநல்வாடை குளிரை மிகைப்படுத்திய பாட்டன்று. ஞாயிறு முகம் காட்டாத நாள்களில் மனிதர் பொழுதை எவ்வாறு மீட்டுக்கொண்டனர் என்பதைத் துல்லியமாகக் கூறும் பாட்டு என்பது புலனாகும்.