துண்டில் தெரியும் மெஷின்

ரொட்டித் துண்டைத் தின்பதற்கு முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறவர் யாராவது இருந்தால், அவர் ரொட்டி ஆலையில் மெஷின் பராமரிக்கிறவராகத்தான் இருக்க வேண்டும். வெட்டுமுகம் மழமழப்பாக இருக்கிறதா, துகள் உதிர்கிறதா, ஓரம் உள்வாங்கிக் கிடக்கிறதா, நடுவில் வெள்ளையாக ஒரு மாவுக் கோடு ஓடுகிறதா என்று அவர் கண் தேடும். சிங்கப்பூர் தேக்கா பக்கத்து மாமா கடையில் நாம் வாங்கும் பாக்கெட், நமக்குக் காயா ஜாம் தடவித் தின்ன. அவருக்கோ அது நேற்றிரவு ஒரு லைன் எப்படி ஓடியது என்பதன் முழு விவரம்.

சிங்கப்பூரில் பாக்கெட் ரொட்டி என்றதும் பலர் வாயில் வருவது கார்டேனியா. 1978-இல் புக்கிட் தீமா பிளாசாவில் கடைக்குள்ளேயே சின்ன பேக்கரியாகத் தொடங்கி, 1983-இல் பாண்டான் லூப்பில் பெரிய ஆலையானது. இன்று இங்கே ரொட்டி ஆலைகள் ஓடுவது பெரும்பாலும் இரவில்தான். விடிவதற்குள் கடைக்குப் போயாக வேண்டுமே. ஸ்பேனரோடு அந்த இரவைக் காக்கிறவர்களில் டிப்ளமோ முடித்து எஸ் பாஸ் வேலை அனுமதியில் வந்த நம்மூர்ப் பிள்ளைகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் அவர்களைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது. பேச்சுக் கொடுத்தால்தான் தெரியும்.

எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணன், ஷிப்ட் ஏறியதும் முதலில் போய்ப் பார்ப்பது அடுப்பையல்ல, தண்ணீர் குளிராக்கும் சில்லரை. காரணம் இருக்கிறது. 1961-இல் இங்கிலாந்தின் சோர்லிவுட் ஊர் ஆய்வுக்கூடத்தில் உருவான முறையில், ஒரு கிலோ மாவுக்கு 11 வாட்-மணி சக்தியைச் சில நிமிடங்களுக்குள் பிசைந்தே ஏற்றிவிடுவார்கள். மணிக்கணக்கில் புளிக்க வைக்கும் வேலை அதனால் மிச்சம். ஆனால் ஏறிய சக்தி சூடாகத்தானே மாற வேண்டும்? பிசைந்து முடிப்பதற்குள் மாவு சுமார் 14 டிகிரி கூடிவிடும். கடைசியில் அது 30 டிகிரி அளவில் நிற்க வேண்டும். இங்கிலாந்துக் குளிரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியே தப்பிக்கலாம். குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாக வரும் சிங்கப்பூரில் சில்லர் படுத்தால் மாவு படுத்தது. ஊரின் வெயிலுக்கும் துண்டின் மென்மைக்கும் நடுவில் நிற்பது ஒரு கம்ப்ரஸரும் அதன் பெல்ட்டும்.

அடுத்து மாவை அளவாக வெட்டும் டிவைடர். அதன் கத்தி தேய்ந்தால் ஒரு உருண்டை கூடும், ஒரு உருண்டை குறையும். உருண்டை பிடிக்கும் மெஷினில் ஒட்டாமல் இருக்கத் தூவும் மாவு கொஞ்சம் அதிகமானாலும், நான் சொன்ன அந்த வெள்ளைக் கோடு துண்டுக்குள் வந்துவிடும். உருண்டையைச் சுருட்டும் மோல்டரில் ஒரு நுட்பம் உண்டு. சில ஆலைகளில் சுருட்டிய மாவை அப்படியே தகரத்தில் வைக்காமல், நான்காக வெட்டி, ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பி வரிசையாக வைப்பார்கள். நீளவாக்கில் கிடந்த காற்றறைகள் இப்போது வெட்டுமுகத்தில் படுத்துக் கிடக்கும். கிணற்றில் விழும் நிழல் தட்டில் விழாது அல்லவா? அறைகள் ஆழமில்லாததால் ரொட்டி வெள்ளையாகத் தெரிகிறது. மாவில் ஒன்றையும் சேர்க்காமல், திருப்பி வைத்தே நிறத்தைக் கூட்டுகிறார்கள். இந்த யோசனை வந்த தலைக்கு ஒரு கும்பிடு.

ஓவன் பக்கம் நின்றால் பேச்சுக் கேட்காது. அங்கே அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அதிர்வு அளக்கும் கருவி இடுப்பிலேயே தொங்கும். இருந்தும் முதலில் காதுதான். புதிதாக வந்த பையன் ஒருநாள் கேட்டான்:

“அண்ணே, பேரிங் போயிடுச்சா?”

“போகல தம்பி. போகப் போறேன்னு சொல்லுது. நாளைக்கு லைன் நிக்கிறப்ப மாத்திடுவோம்.”

அந்த ஒருநாள் முன்கூட்டியே அறிவதுதான் இந்தத் தொழிலின் அருமை. உடைந்த பிறகு ஓடி ஓடிச் சரிசெய்கிறவரைத்தான் நிர்வாகம் பார்த்துக் கைதட்டும். உடையாமல் பார்த்துக்கொள்கிறவரின் இரவில் எதுவுமே நடப்பதில்லை. என் ஓட்டு இரண்டாமவருக்கு.

ஓவன் செயினும் லேசுப்பட்டதல்ல. 50 மீட்டர் இரும்புச் செயின் 200 டிகிரி சூடு ஏறினால் சுமார் 12 சென்டிமீட்டர் நீளும். குளிர்ந்திருக்கும்போது விறைப்பாகத் தெரிந்தது, சூட்டில் தொங்கும். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தானாக நகர்ந்து கொடுக்க வேண்டும். அது துருப்பிடித்து ஓரிடத்தில் சிக்கினால் தகரங்கள் குலுங்கும். நன்றாக உப்பிய மாவு அந்தக் குலுக்கலில் அமுங்கிப் போகும். துண்டின் தலைப்பகுதி சப்பையாக இருந்தால் அவர் சந்தேகப்படும் ஆட்களில் இந்த டென்ஷனரும் ஒன்று.

எல்லாவற்றையும் விட என்னைக் கட்டிப்போட்டது ஸ்லைசர். வெந்த ரொட்டியை உடனே வெட்ட முடியாது. உள்சூடு 35 டிகிரி அளவுக்கு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேடில் பிசினாக அப்பிக்கொள்ளும். பெரிய மெஷினில் ஒவ்வொரு பிளேடும் முனை இல்லாத நாடா. மேலும் கீழுமாக இரண்டு உருளைகளில், எட்டு வடிவில் குறுக்கே முறுக்கி ஓடும். அதனால் ரொட்டியைத் தொடும் இடத்தில் நாடாவின் ஒரு பக்கம் கீழே இறங்கினால் மறுபக்கம் மேலே ஏறும். ஒன்று அமுக்குவதை மற்றொன்று தூக்கி ஈடுகட்டிவிடுவதால், பஞ்சு மாதிரியான ரொட்டி நசுங்காமல் நேராக உள்ளே போகிறது. பிளேடைத் தீட்டும் கல் ஓடும்போதே தீட்டும். அதிகம் அழுத்தினால் பிளேடு சீக்கிரம் அறும், குறைத்தால் துகள் கொட்டும். அந்த அழுத்தத்துக்கு எண் உண்டு. ஆனாலும் அண்ணன் பார்ப்பது மெஷினுக்கு அடியில் இருக்கும் துகள் தட்டைத்தான். அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் நிறைந்தால் பிளேடு மாற்றும் நேரம்.

இந்த மெஷினுக்கு முன்னோடி, அமெரிக்கர் ஓட்டோ ரோவெடர் செய்தது. முதல் மாதிரி 1917-இல் தீயில் போனது. அவர் மறுபடி உழைத்த பிறகு, 1928 ஜூலை 7 அன்று மிசோரி மாநிலத்துச் சில்லிகாத்தி ஊரில் வெட்டிய ரொட்டி விற்பனைக்கு வந்தது. வெட்டினால் காய்ந்துவிடும் என்று ரொட்டிக்காரர்கள் முதலில் ஒதுக்கினார்களாம். அவர்கள் பயத்திலும் நியாயம் உண்டு. அதற்குத்தான் வெட்டிய கையோடு உறையில் போட்டுக் கட்டுகிறார்கள்.

மசகு விஷயத்திலும் தனிக் கவனம். உணவில் தவறிப் பட்டாலும் கெடுதல் செய்யாத வகைக் கிரீஸ் மட்டுமே. ஹலால் சான்று பெற்ற ஆலையென்றால் அதில் பன்றிக் கொழுப்பு போன்றவை கலந்திருக்கவும் கூடாது. விரலில் காயம் பட்டால் ஒட்டும் பிளாஸ்டர் நீல நிறம், ஏனென்றால் ரொட்டியில் நீலம் இல்லை. உள்ளே மெல்லிய உலோகத் தகடு, விழுந்தால் மெட்டல் டிடெக்டர் பிடித்துவிடும். மேலங்கியில் நெஞ்சுப் பையே கிடையாது. குனியும்போது பேனா மாவில் விழக்கூடாது. கழற்றிய நட்டுகளை ஒரு தட்டில் எண்ணி வைத்து, மாட்டிய பிறகு மறுபடி எண்ணுவார்கள். ஒன்று குறைந்தால் லைன் ஓடாது. மேனேஜர் வந்து கடிகாரத்தைக் காட்டினாலும் ஓடாது. காந்தக் குச்சியோடு மெஷினுக்கு அடியில் படுத்துத் தேடுகிற அண்ணனிடம் அப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை.