மாநிறத்துக்கு எந்தப் பருவம்?

நமது விமர்சனத்துக்குள் நுழையாத சொற்களில் ஒன்று ‘எடுப்பு’. புதுக்கோட்டைப் பக்கத்தில் துணி எடுக்கப் போகிற எந்தக் குடும்பத்திலும் அரை மணி நேரத்துக்குள் நாலு தடவை விழுகிற சொல். ‘இது உனக்கு எடுப்பா இருக்கு.’ ‘உன் நிறத்துக்கு அது எடுக்காது.’ ஒரு முழுமையான அழகியல் தீர்ப்பு இது. காரணம் கேட்க முடியாத தீர்ப்பும்கூட. துணி எதை எடுத்துக் காட்டுகிறது, யார் கண்ணுக்கு, எந்த வெளிச்சத்தில் என்பதெல்லாம் அதற்குள் மறைந்து கிடக்கிறது. இதே தீர்ப்பு இப்போது சாஸ்திர வேஷம் போட்டுக்கொண்டு கைப்பேசி வழியாக வந்திருக்கிறது. பர்சனல் கலர் என்று பெயர். முகத்தைப் படம் பிடித்துக் காட்டினால், நீ வசந்தமா, கோடையா, இலையுதிர்காலமா, குளிர்காலமா என்று அது சொல்லும். அந்தப் பருவத்துக்கு உரிய வர்ணங்களைத்தான் நீ உடுத்த வேண்டும். சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த விளையாட்டுக்குள் இருந்துகொண்டு பார்க்கிற கண் நம் எழுத்துக்குள்ளும் இருக்கிறது என்பதால் சற்று நிற்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் அழகுக்கடைச் சரக்கு அல்ல. பெரிய இடத்துப் பிள்ளை. பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற ரசாயனி, சாயத்தில் குறை என்று வந்த புகார்களை ஆராயப் போய், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூலின் நிறத்தில் இருக்கிறது என்று கண்டார். ஒரு நிறத்தின் அருகே இன்னொன்று வைக்கப்படும்போது இரண்டுமே மாறித் தெரிகின்றன. 1839-ல் வெளியான அவருடைய நூல் மேனி நிறத்துக்கும் உடைக்கும் உள்ள பொருத்தத்தையும் பேசுகிறது. பிறகு யோஹன்னஸ் இட்டன், 1919 முதல் 1923 வரை பௌஹவுஸில் போதித்த ஸ்விஸ் ஓவியர். தங்களுக்கு இசைவாகத் தோன்றும் வர்ணங்களை வரையும்படி மாணவர்களிடம் சொன்னபோது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக வரைந்ததையும், அந்த வர்ணங்களுக்கும் வரைந்தவரின் முடி, கண், தோல் இவற்றுக்கும் உறவு இருந்ததையும் 1961-ல் வந்த தன் நூலில் சொல்கிறார். இட்டனுக்கு இது ஆரம்பம் மட்டும்தான். தனக்கு இசைந்த வர்ணத்தோடு நின்றுவிடுகிறவன் கலைஞனாக முடியாது, அதைத் தாண்டி நிறங்களின் பொது விதிகளுக்கு வந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். வாதத்தின் இந்த இரண்டாம் பாதி அமெரிக்கா போய்ச் சேரவில்லை. 1980-ல் கரோல் ஜாக்சன் எழுதிய ‘கலர் மீ ப்யூட்டிஃபுல்’ அமோகமாக விற்றது. முதல் பாதியே போதும் என்று சந்தை முடிவு செய்துவிட்டது.

முறை எளிது. பகல் வெளிச்சத்தில், ஒப்பனையில்லாத முகத்தின் கீழே, தாடையை ஒட்டி, வர்ணத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போர்த்திப் பார்ப்பது. துணியில் பட்ட ஒளி தாடையின் அடிப்பக்கத்தில் சிதறுகிறது. கூடவே துணியின் எதிர்நிறம் தோலில் ஏறுவதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது. இரண்டும் உண்மை. கண்ணின் கீழ்க் கருவளையம் கூடுவதும் குறைவதும் உண்மை. மூடநம்பிக்கை என்று தள்ளுகிற நண்பர்கள் ஒரு பச்சைத் துணியையும் ஒரு செங்கல் நிறத் துணியையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியோடு திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரட்டும். எனக்குப் பௌதிகத்தோடு சண்டை இல்லை.

சண்டை அந்தப் பருவங்களோடுதான். அவை ஐரோப்பிய மரத்தின் ஜாதகம். இலை பழுத்து உதிர்வது ஒரு காலம், துளிர்ப்பது இன்னொரு காலம், நடுவே உறைபனி. புதுக்கோட்டைச் சீமையில் வேம்பு மாசி பங்குனியில் இலையை உதிர்க்கிறது. உதிர்த்த கையோடு அதே கிளையில் செம்பு நிறத்தில் துளிர் விடுகிறது. இலையுதிர்காலமும் வசந்தமும் ஒரே மரத்தில். நம் இலக்கணம் பெரும்பொழுதை ஆறாகப் பிரித்தது. அந்த ஆறையும் நிலத்தோடும் மனநிலையோடும் சேர்த்ததே தவிர யார் முகத்திலும் ஒட்டவில்லை. நாலை ஆறாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. (அப்படி ஒரு சுதேசிப் பதிப்பை யாராவது போட்டு விற்கவும் கூடும்.) வெளிர் தோலுக்கு அந்தத் திட்டத்தில் நுட்பமான பாகுபாடுகள் உண்டு: முடி பொன்னா சாம்பலா, கண் நீலமா பச்சையா, கன்னத்தில் ரோஜாவா பீச் பழமா. கறுத்த முடியும் கறுத்த கண்ணும் உடைய உலகத்தின் பெரும்பகுதியோ கிட்டத்தட்ட மொத்தமாகக் குளிர்காலத்தில் கொண்டுபோய் அடைக்கப்பட்டது. கத்திரி வெயிலில் கீரமங்கலம் பஸ்ஸுக்கு நிற்கிறவள் குளிர்காலம்! பிற்பாடு பெட்டிகளைப் பன்னிரண்டாகவும் பதினாறாகவும் பெருக்கினார்கள். அளவுகோல் எங்கே நட்டுவைக்கப்பட்டதோ அங்கேயேதான் இருக்கிறது.

சோதனைகளைப் பாருங்கள். மணிக்கட்டு நரம்பு நீலமாகத் தெரிந்தால் குளிர்ந்த மேனி, பச்சையாகத் தெரிந்தால் வெதுவெதுப்பான மேனி. நரம்பே தெரியாத கைக்கு என்ன செய்வது? இன்னொன்று, தங்கம் எடுக்கிறதா வெள்ளி எடுக்கிறதா என்று பார்ப்பது. நம் ஊரில் இதை வைத்துக்கொண்டு ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. தங்கம் கழுத்துக்கு, வெள்ளி காலுக்கு. கொலுசும் மெட்டியும் தோலைப் பார்த்து வெள்ளியானவை அல்ல. தங்கத்தின் எடுப்பு அடகுக் கடையில் தெரியும். இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருக்கிறது. கறுத்த தோலுக்குள் போன ஒளி அதிகம் திரும்பி வருவதில்லை. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கிற பளபளப்பே கண்ணில் முந்துகிறது. அந்தப் பளபளப்பில் வானம், சுவர், செம்மண் தரை எல்லாம் வந்து சேர்கின்றன. திருமயத்தில் காலை எட்டு மணிக்கு ஒரு நிறம், மாலை ஐந்தரைக்கு வேறொன்று. இப்படிப்பட்ட மேனிக்கு ஆயுள் முழுவதற்குமாக ஒரு வர்ண அட்டையை எழுதிக் கொடுப்பது எப்படி?

கீழ ராஜ வீதியில் ஒரு கடையில் கண்டது. பதினேழு வயதிருக்கும் ஒரு பெண் எலுமிச்சை மஞ்சளில் ஒரு சுடிதார் துணியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். ‘உன் நிறத்துக்கு எடுக்காதுடி’ என்றாள் தாய். கடைப் பையன் சமாதானமாக, ‘அக்கா, இந்த பேபி பிங்க் போட்டா பாப்பா கொஞ்சம் கலரா தெரியும்’ என்றான். கலராக! நம் பேச்சில் ‘அவ நல்ல கலரு’ என்றால் வெளுப்பாக இருக்கிறாள் என்று பொருள். நிறம் என்பதற்கு இரவல் வாங்கிய சொல் ஒரே ஒரு நிறத்தின் சொத்தாகிவிட்டது. மற்றவர்கள் கலர் இல்லாதவர்கள். இரவல் சொல் வருவதற்கு முன்னால் ‘சிவப்பு’ இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. ‘முகத்தைப் பிரகாசமாக்கும்’, ‘தெளிவாக்கும்’ என்கிற பர்சனல் கலர் வாக்குறுதிகள் இங்கே வந்து இறங்குவது இந்தச் சொற்களின் மேல்தான். இறங்கின கணத்திலேயே அவற்றுக்கு வெளுப்பாக்கும் என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. அந்தப் பெண் துணியைச் சுருட்டிக்கொண்டு கடை வாசலுக்கு, வெயிலுக்குப் போய்ப் பார்த்தாள். சரியான சோதனை. ட்யூப் லைட்டை நம்பாமல் சேலையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போன பாட்டிகளின் சோதனை. தாய் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

சங்கக் கவிதையில் கதை தலைகீழ். அங்கே தலைவியின் அழகு மாமை, உரைகாரர்கள் மாந்தளிரைக் காட்டி விளக்குகிற நிறம். பிரிவில் அவளுக்கு வருகிற நோய் பசலை. மேனி வெளிறிப் பொன் பூப்பது. தோழி கலங்குகிறாள், தாய் சந்தேகிக்கிறாள். நிறம் போய்விட்டது என்று அன்று சொன்னால் மாநிறம் போய்விட்டது என்று அர்த்தம். 1975-ல் இந்துஸ்தான் லீவர் ‘ஃபேர் அண்ட் லவ்லி’யைக் கொண்டுவந்தபோது, குழாயில் அடைத்து விற்பது பசலையை என்று ஒரு தமிழ் வாத்தியாராவது வகுப்பில் சொல்லியிருக்கலாம். 2020-ல் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போய் ‘க்ளோ’ வந்தது. சங்க காலத்துக்கு ஏங்கச் சொல்லவில்லை. அந்தக் கவிதைகளிலும் பெண்ணின் நிறம் ஆணின் வரவு செலவுக் கணக்காகத்தான் இருக்கிறது.

பழமொழி ஒன்று உண்டு: கறுப்புக்கு நகை போட்டுக் கண்ணாலே பார், சிவப்புக்கு நகை போட்டுச் செருப்பாலே அடி. முரட்டுப் பழமொழி. கறுப்பு நகையோடு வந்தால்தான் பார்ப்பேன் என்ற நிபந்தனையும் இதில் ஒளிந்திருக்கிறது. ஆனாலும் இதில் ஒரு கண் இருக்கிறது. பொன்னும் கறுப்பும் அருகருகே வரும்போது இரண்டும் கூடுகின்றன. எடுப்பு இங்கே முரணின் பெயர். காரைக்குடிக் கண்டாங்கியிலும் (2019-ல் புவிசார் குறியீடு பெற்றது) இதே கண்தான். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், கறுப்பு. பெரிய கட்டங்கள், அகலக் கரை. செட்டிநாட்டின் ஒரு பகுதி இந்த மாவட்டத்துக்குள்ளும் வருகிறது. ராயவரம், அரிமளம் பக்கத்து ஆச்சிமார்களில் கறுப்பும் உண்டு, சிவப்பும் உண்டு. எல்லோருக்கும் அதே சேலைதான். 1856-ல் பெர்க்கின் கண்ட செயற்கைச் சாயத்துக்குப் பிறகு, கடை அலமாரி நிரம்பிய பிறகுதான், ‘எனக்கு எது?’ என்ற கேள்வி சாதாரண வீட்டுக்குள் வருகிறது. அதற்காக முன்பு நிறம் சுதந்திரமாக இருந்தது என்று யாரும் கொண்டாட வேண்டாம். கைம்பெண்ணுக்கு வெள்ளை என்று விதித்த ஊர் அவள் தோலைப் பார்த்து விதிக்கவில்லை.

இப்போது நமக்கு வருகிறேன். கடந்த ஐம்பது அறுபது வருஷத்துச் சிறுகதைகளைப் புரட்டினால் ஒரு வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்பத் தட்டுப்படும். ‘கறுப்புதான், ஆனால் களையான முகம்’ என்கிற மாதிரி. ‘மாநிறம்தான் என்றாலும் லட்சணம்’ என்கிற மாதிரி. பெயர் சொல்ல விரும்பவில்லை. நல்ல எழுத்தாளர்களும் இதில் அடக்கம். இந்தத் ‘தான்’, இந்த ‘ஆனால்’, துணிக்கடைத் தாயின் இலக்கணம். குறையை ஒப்புக்கொண்டு களையை நஷ்ட ஈடாகத் தருவது. இதற்கு எதிராகப் புதுக்கவிதையில் கிளம்பியது இன்னொரு ஒப்பனை: கரிய பெண் என்றதும் மண், இரவு, காளி, கார்மேகம். போர்த்தின துணி எடுப்பாகவே இருக்கிறது. தாடைக்கு மேலே இருப்பது யார் என்றுதான் தெரியவில்லை. எட்டு மணி வெயிலில் அவள் நெற்றி என்ன நிறம் என்று ஒரு வரி எழுத உட்கார்ந்தால் சொல் கிடைப்பதில்லை. சிவப்பு, புதுநிறம், மாநிறம், கறுப்பு. நமக்கும் நாலு பெட்டிதான். தச்சங்குறிச்சி வாடிவாசலில் நிற்கிற மாட்டுக்காரரிடம் மயிலை, காரி, செவலை, மறை என்று ஆரம்பித்து இதைவிட அதிகச் சொற்கள் இருக்கின்றன. அவர் மாட்டைப் பார்க்கிறார்.

மேனியையும் அப்படிப் பார்த்த ஒருவன் இதே மாவட்டத்தில் வேலை செய்திருக்கிறான். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் சித்தன்னவாசல். சமணக் குடைவரை, ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம். மீன், பறவை, எருமை, யானை, இவற்றுக்கு நடுவே பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். மூவரின் மேனியும் ஒரே நிறமல்ல. கருஞ்சிவப்பும் உண்டு, மஞ்சளும் உண்டு. இடையில் கோவணம்; துணியால் எடுப்பு வர வழியே இல்லை. அவர்களை எடுத்துக் காட்டுவது பின்னால் விரிந்து கிடக்கிற இலைப் பச்சை. கருஞ்சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அதே பச்சைதான். ஒருவனை வெளுக்கவைக்க ஓவியன் எங்கும் சலுகை காட்டவில்லை. அவன் கையில் இருந்தது கொஞ்சம் சரக்கு: காவி, மஞ்சள் மண், பச்சை மண், கரி, சுண்ணாம்பு, அந்த மாதிரி. ஆளுக்கும் பூவுக்கும் அதையே பங்கு வைத்திருக்கிறான். தூணில் ஆடுகிற பெண்களிடம் துணி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்பதை என் கண்ணுக்குச் சொல்வது வர்ணம் அல்ல, கோடு.

பல இடங்களில் பூச்சு உதிர்ந்துவிட்டது. நான் கடைசியாகப் போயிருந்தபோது ஒரு குடும்பம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. ‘கலரெல்லாம் போயிருச்சுல்ல’ என்றாள் ஒரு சிறுமி, வெளுத்த சுண்ணாம்பைக் காட்டி.