நாக்கு விலகும் ஓசை

கோலா கங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் வரை எந்தக் கம்பத்துக்குள் நுழைந்தாலும், பழைய தோட்டத்து லயம் எதை எட்டிப் பார்த்தாலும், தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய காடி நிற்கும். பெரும்பாலும் புரோட்டோன் சாகா. 1985இல் வந்த மலேசியாவின் முதல் தேசியக் காடி அது. மிட்சுபிஷி லான்சரின் அச்சில் வார்த்த உடம்பு. ‘ஏ’ எழுத்தில் தொடங்கும் பேராக் நம்பர் பிளேட்டோடு அப்பா ஓட்டியது, விற்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒருநாள் மகனுக்கு அதை ஓட்டிப் பார்க்கும் ஆசை வருகிறது. அலமாரியைக் கவிழ்த்துத் தேடியும் சாவி கிடைக்கவில்லை. கதவு எப்படியோ திறந்துவிடுகிறது. உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் விரற்கடை நகர்ந்து ‘டொக்’ என்று நின்றுவிடும். இனி இழுவை வண்டி வந்தாலும் சக்கரம் திரும்பாது.

அந்த ‘டொக்’கில்தான் ஒரு கைத்தொழிலின் அழகு தொடங்குகிறது.

ஸ்டியரிங் தண்டைச் சுற்றி ஒரு காடி வெட்டப்பட்டிருக்கும் (இது தச்சர் வெட்டும் காடி, ஓட்டும் காடி அல்ல). சாவியை உருவியதும் பூட்டின் நாக்கை ஒரு ஸ்பிரிங் தண்டின்மேல் தள்ளுகிறது. பள்ளம் நேரே இருந்தால் நாக்கு அப்போதே விழும். இல்லாவிட்டால் தண்டின் முதுகில் சாய்ந்தபடி காத்திருந்து, யாராவது ஸ்டியரிங்கை அசைக்கும்போது பள்ளத்தில் இறங்கும். ஓடும்போது இது நடந்தால் உயிருக்கு ஆபத்து என்பதால், ஜப்பானியக் காடிகள் பலவற்றில் சாவியை உள்ளே அழுத்தினால்தான் கடைசிப் படிக்குத் திருப்பி உருவ முடியும். விரல் நுனியில் வைத்த இந்தச் சின்னத் தடை எத்தனை பேரைக் காத்திருக்கும்!

1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆப்ராம் நைமன் இப்படியொரு பூட்டை உருவாக்கினார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் காடியின் சாவித் துளையை ‘நைமன்’ என்றே சொல்கிறார்கள். ஆள் பெயர் பொருள் பெயராகிவிட்டது. சாவியை உருவினால் ஸ்டியரிங்கோ காடியின் முன்னோட்டமோ தடைபட வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் 1970இல் நடப்புக்கு வந்தது.

சாவி கையில் இருந்தும் திரும்ப மறுக்கிற காடிகளும் உண்டு. பலர் இங்கேதான் முரட்டுத்தனமாக முறுக்கிச் சாவியை ஒடிக்கிறார்கள். பெரும்பாலும் குற்றம் பூட்டில் இல்லை, டயரில் இருக்கிறது. சக்கரத்தைத் திருப்பியபடி நிறுத்தினால் டயரின் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். நிமிர முயலும் அந்த விசை தண்டின் வழியே வந்து நாக்கைப் பள்ளத்தின் சுவரோடு சேர்த்து அழுத்தும். இடக்கையால் ஸ்டியரிங்கை மெல்ல ஒரு பக்கம் தள்ளி அந்தப் பாரத்தை இறக்கிவிட்டு, வலக்கையால் சாவியைத் திருப்பினால் போதும், வெண்ணெய்போல் திரும்பும். ரப்பர் இந்த வட்டாரத்தின் பழைய சொந்தம். 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பதைக் கோலா கங்சாரில்தான் நட்டார்கள். அவற்றில் ஒரு பால்மரம் இன்றும் அங்கே வேலிக்குள் நிற்கிறது. ரப்பரின் பிடிவாதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையால் அறிந்த மக்களின் ஊரில், அந்தப் பிடிவாதம் ஒரு பூட்டை இறுக்குவதைப் பார்ப்பது தனி அனுபவம்.

சாவியே இல்லாதபோது சாவிக்காரர் வருகிறார். நல்ல சாவிக்காரர் முதலில் பெட்டியைத் திறப்பதில்லை. “கெரான் இருக்கா தம்பி?” என்று பதிவு அட்டையைக் கேட்கிறார். அதில் இருக்கும் பெயரையும் எண்ணையும் பார்த்த பிறகுதான் கை வைக்கிறார். இந்தக் கேள்வியைத் தொழிலின் பாதி என்றே சொல்ல வேண்டும்.

மீதிப் பாதி பார்வையில் இருக்கிறது. பழைய காடியின் பூட்டுக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வந்து உருளைக்குள் அடங்கும்; ஒன்று மயிரிழை துருத்திக்கொண்டு நின்றாலும் உருளை சுழலாது. கதவுக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரே சாவி என்பதால், கைதேர்ந்தவர் ஸ்டியரிங் பூட்டைத் தொடாமல் கதவுப் பூட்டைக் கழற்றுவார். துணி விரித்து, தகடுகளை வந்த வரிசையிலேயே அடுக்கி, ஒவ்வொன்றின் ஆழத்தையும் படிப்பார். எழுத்துக் கூட்டிப் படிப்பதேதான் அது. பிறகு வெட்டாத சாவியில் அதே ஆழங்களை அரத்தால் இறக்குவார். இரண்டு மூன்று இழுப்பு, வாயால் ஊதல், வெளிச்சத்தில் பிடித்து ஒரு பார்வை, மறுபடி ஓர் இழுப்பு. அரத்தின் ஓசை மாறுவதைக் கேட்டே கை நிற்கும்.

இதற்கு எதிர்முனையில் சுத்தியலும் டிரில்லும் இருக்கின்றன. பத்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். அதோடு பூட்டும் முடிந்துவிடும். ஸ்டியரிங் பூட்டைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகளை ஆலையில் முறுக்கும்போதே அவற்றின் தலை ஒடிந்து விழும், மறுபடி ஸ்பானர் பிடிக்கக் கூடாது என்றே அப்படிச் செய்தார்கள். அவ்வளவு யோசித்துச் செய்த பொருளை உடைத்துத் திறப்பவரைக் கைகாரர் என்று ஏற்க முடியாது.

பேராக்கின் ஈரம் வேறு சோதனை. தைப்பிங் பக்கத்தில்தான் இருக்கிறது, மழைக்குப் பேர்போன ஊர். ஆண்டுக்கணக்கில் நின்ற காடியின் பூட்டில் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். அவசரக்காரர்கள் அதில் எண்ணெய் ஊற்றுவார்கள். அது தூசியைக் கூட்டிச் சேர்த்துச் சேறாக்கும். சாவிக்காரர் போடுவது கிராபைட் தூள், அதுவும் ஒரு சிட்டிகைதான்.

தமிழருக்குப் பூட்டு புதிதல்ல. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டைக் கையாலேயே அராவிச் சேர்க்கும் அந்த ஊர்ப் பட்டறைகளில் ஓடும் அதே பொறுமைதான் இங்கே பழைய சாகாவின் கதவோரத்திலும் குந்தியிருக்கிறது. பின்னால் வந்த காடிகளின் சாவியில் சிப் ஏறிவிட்டது. அங்கே அரம் மட்டும் போதாது, கணினியும் வேண்டும். பித்தளையைக் கண்ணால் படிக்கும் வேலைக்குக் கடைசிப் பெரிய இருப்பு, தார்ப்பாய்க்கு அடியில் நிற்கும் இந்தக் காடிகளே.

புதுச் சாவி உள்ளே போகிறது. முதல் முறை பாதியில் நிற்கிறது. சாவிக்காரர் அதை உருவி, பித்தளையில் பளிச்சென்று பதிந்த ஒரு புள்ளியைப் பார்க்கிறார். அந்த இடத்தில் மட்டும் ஒரே ஓர் இழுப்பு. இடக்கை ஸ்டியரிங்கைத் தாங்க, வலக்கை திருப்ப, நாக்கு பின்வாங்கும் ஓசை தண்டுக்குள் கேட்கிறது. சக்கரம் இரு பக்கமும் தாராளமாகத் திரும்புகிறது.

அப்புறம் இன்னொரு சாவியும் வெட்டித் தருகிறார். தேய்ந்த சாவியை வைத்து நகல் எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். அதனால் தகடுகளில் படித்த ஆழ எண்களை வரிசையாக ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, “இதக் கெரானோட வச்சுக்கங்க தம்பி” என்கிறார்.