803இன் பின்னிருக்கை

1940 ஏப்ரல் 10, விடிவதற்குச் சற்று முன். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் உள்ள ஹாட்ஸ்டன் தளத்திலிருந்து பிரிட்டிஷ் கடற்படையின் 16 ஸ்குவா விமானங்கள் கிளம்பின. 800ஆம் ஸ்குவாட்ரனும் 803ஆம் ஸ்குவாட்ரனும் சேர்ந்து போன பயணம் அது. இலக்கு நார்வேயின் பெர்கன் துறைமுகம். ஏறக்குறைய 480 கி.மீ. தூரம், நடுவில் வெறும் கடல். போய்த் திரும்பவே எண்ணெய் மட்டுமட்டு. வழி தவறினால் கடலில் இறங்க வேண்டியதுதான். அவர்கள் தவறவில்லை. முந்தின நாள் நார்வேயின் கரைப் பீரங்கிகளிடம் அடிபட்டுத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் கோனிக்ஸ்பெர்க்கின் மீது மேலிருந்து செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போட்டார்கள். சில மணி நேரத்தில் அது மூழ்கியது. விமானத் தாக்குதலில் மூழ்கிய முதல் பெரிய போர்க்கப்பல் என்று அதைச் சொல்கிறார்கள். போன 16 விமானங்களில் திரும்பாதது ஒன்றே ஒன்று.

803ஐ நடத்திச் சென்றவர் லெப்டினன்ட் வில்லியம் லூசி. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் மைக்கேல் ஹான்சன். பிரிட்டிஷ் கடற்படையின் போர் விமானங்களில் ஏன் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள் என்பதற்கு அந்தக் காலைப்பொழுதை விட நல்ல விளக்கம் கிடைக்காது. அந்த வழக்கத்தைச் சரித்திரம் பெரும்பாலும் பிழை என்றே எழுதி மூடிவிட்டது. அவ்வளவு எளிதாக மூடக்கூடாது என்று நினைக்கிறேன்.

தரைமேல் பறப்பவருக்கு ஆறு, ரயில்பாதை, ஊர் என்று ஏதாவது அடையாளம் கண்ணில் படும். கடலில் ஒன்றும் கிடையாது. போதாததற்கு, இறங்க வேண்டிய இடமே நகர்ந்துகொண்டிருக்கும். மணிக்கு 25 கடல் மைல் வேகத்தில் ஓடும் விமானம் தாங்கிக் கப்பல், விமானம் இரண்டு மணி நேரம் சுற்றி வருவதற்குள் 50 கடல் மைல் தள்ளிப் போயிருக்கும். எதிரி ஒட்டுக்கேட்பான் என்பதால் ரேடியோவில் கேட்கவும் முடியாது. பின்னிருக்கையில் இருந்த அப்சர்வர் மடியில் ஒரு பலகை, அதில் வரைபடம், கையில் பென்சில். கீழே அலை நுரை எந்தப் பக்கம் கோடிழுக்கிறது என்று பார்ப்பார், புகை மிதவையைப் போட்டு அது எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார், அதிலிருந்து காற்றைக் கணக்கிடுவார், காற்றிலிருந்து தங்கள் இடத்தை. விமானி சண்டை போடத் திரும்பித் திரும்பிச் சுழலும்போதும் அந்தக் கணக்கு அறுந்துவிடக் கூடாது. ஒரே ஆள் இரண்டையும் செய்வது கடினம் என்று கடற்படை நினைத்ததில் பிசகு ஏதும் இல்லை.

803 பிறந்தபோதே, 1933இல், அதற்குக் கிடைத்தது ஆஸ்ப்ரே என்ற இரட்டை இருக்கை விமானம். அதே காலத்தில் அண்டை ஸ்குவாட்ரன்களில் வேறொரு ஏற்பாடு இருந்தது: ஒற்றை இருக்கை நிம்ராடுகள் பல, அவற்றுக்கு வழிகாட்ட ஆஸ்ப்ரே சில. வழி சொல்ல ஒருவர், சண்டைக்கு மற்றவர்கள். எனக்கு இந்தப் பழைய ஏற்பாடே மேலானதாகப் படுகிறது. எல்லாருக்கும் அப்சர்வர் தேவையில்லை, கூட்டத்துக்கு ஒருவர் போதும் என்ற விடை கையிலேயே இருந்தது. அடுத்து வந்த விமானங்களில் அதை விட்டுவிட்டு ஒவ்வொரு சண்டை விமானத்துக்கும் பின்னிருக்கை வைத்தார்கள். கடற்படையின் விமானங்கள் 1918 முதல் விமானப்படையின் பிடியில் இருந்தன; 1937இல்தான் திருப்பித் தர முடிவாயிற்று, 1939 மே மாதம்தான் முழுதாகக் கைக்கு வந்தன. அந்த ஆண்டுகளில் விமானிகளில் பலர் விமானப்படையினர்; அப்சர்வர்கள் கடற்படை அதிகாரிகள். பின்னிருக்கை மீது கடற்படைக்கு இருந்த பிடிவாதத்தில் இதற்கும் பங்குண்டு என்பது என் ஊகம்.

இரண்டாவது இருக்கைக்கு இடம் கொடுத்ததும் விமானம் பெரிதாகிறது. பெரிதான விமானத்தைச் சண்டைக்கு மட்டும் வைத்திருக்க மனம் வராது, குண்டும் கட்டலாமே என்று தோன்றும். ஸ்குவா அப்படி வந்தது: சண்டை விமானமாகவும் பாய்ந்து குண்டுபோடும் விமானமாகவும் ஒன்றே. 1939 செப்டம்பரில் இதன் இரு முகங்களையும் 803 பார்த்துவிட்டது. 14ஆம் தேதி ஆர்க் ராயல் கப்பலிலிருந்து போன இரண்டு ஸ்குவாக்கள் யூ-30 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியைத் தாழப் பறந்து தாக்கின. தங்கள் குண்டுகளின் வெடிப்பிலேயே அடிபட்டுக் கடலில் விழுந்தன. விமானிகள் இருவரையும் அந்த நீர்மூழ்கியே மீட்டுச் சிறைப்பிடித்தது. பின்னிருக்கைக்காரர்கள் இருவரும் இறந்தார்கள். 26ஆம் தேதி அதே ஸ்குவாட்ரன் வட கடலில் ஒரு ஜெர்மானிய டோர்னியர் பறக்கும் படகைச் சுட்டு வீழ்த்தியது, அந்தப் போரில் பிரிட்டனின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று. துணையில்லாமல் வரும் மெதுவான உளவு விமானத்துக்கு எதிராக ஸ்குவா போதுமானது என்பது அன்று தெரிந்தது. கடற்படை கணக்கில் வைத்திருந்த எதிரியும் அதுதான். கரையிலிருந்து கிளம்பி வரும் ஒற்றை இருக்கைச் சண்டை விமானம் அந்தக் கணக்கில் இல்லை.

1940 மே 14இல் லூசியும் ஹான்சனும் நார்வே வானில் ஒரே விமானத்தில் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து, ஜூன் 13 அதிகாலை, ஆர்க் ராயலிலிருந்து 15 ஸ்குவாக்கள் ட்ரான்ட்ஹெய்முக்குப் போயின. அங்கே நின்றது ஜெர்மானியப் போர்க்கப்பல் ஷார்ன்ஹார்ஸ்ட். வடக்கத்திக் கோடையில் அந்நேரத்துக்கே நல்ல வெளிச்சம். ஜெர்மானியச் சண்டை விமானங்களான மெசர்ஷ்மிட்டுகள் காத்திருந்தன. ஸ்குவாவின் உச்ச வேகம் மணிக்கு 360 கி.மீ. அளவு, மெசர்ஷ்மிட் 109க்கு 550ஐத் தாண்டும். 15இல் 8 திரும்பவில்லை. 803இன் தலைவர் ஜான் கேசன் சிறைப்பட்டார். ஒரு குண்டு கப்பலில் பட்டும் வெடிக்கவில்லை. பெர்கனுக்கு வழி கண்ட அதே திறமை ட்ரான்ட்ஹெய்முக்கும் வழி கண்டது. போய்ச் சேர்ந்த பின் தப்பிக்கத் தேவையான வேகத்தைத்தான் அதே பின்னிருக்கை தின்றிருந்தது.

அந்த அடிக்குப் பிறகு கிடைத்தது ஃபுல்மார் என்ற இரட்டை இருக்கைச் சண்டை விமானம். ஒற்றை இருக்கை ஹரிக்கேனில் இருந்த அதே மெர்லின் வகை எஞ்சின்தான், ஆனால் எடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இறக்கையில் 8 துப்பாக்கிகள், ஏராளமான தோட்டா, நான்கு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் தெம்பு. கப்பலுக்கு மேலே வட்டமடித்துக் காவல் நிற்க இதைவிடப் பொறுமையான விமானம் அன்று பிரிட்டனிடம் இல்லை. மத்தியதரைக் கடலில் ஃபுல்மார் நன்றாகவே உழைத்தது. 1941 மார்ச் 28, மாட்டப்பான் சண்டையில் ஃபார்மிடபிள் கப்பலிலிருந்து போன ஃபுல்மார்கள் இத்தாலியப் போர்க்கப்பல் விட்டோரியோ வெனெட்டோவின் தளத்தைச் சுட்டுக்கொண்டே பறந்தன. பீரங்கிக்காரர்களின் கவனம் அங்கே போக, டார்பிடோ விமானங்களுக்கு நெருங்க வழி கிடைத்தது. அந்தப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானங்களிலேயே அதிக எதிரி விமானங்களை வீழ்த்திய வகை ஃபுல்மார்தான் என்பதையும் அதை இகழ்கிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆனால் ஃபுல்மாரின் பின்னிருக்கையில் துப்பாக்கி கிடையாது. வால் பக்கம் எதிரி வந்தால் அப்சர்வர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தாம்சன் துணை இயந்திரத் துப்பாக்கியைக் கூடவே எடுத்துப் போய்ச் சுட்டவர்களும் இருந்தார்கள்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. 803 இப்போது கொழும்பை அடுத்த ரத்மலானையில். ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் தலைக்கு மேல் தெரியும் வரை எச்சரிக்கை வரவில்லை. ஹரிக்கேன்களோடு 803, 806 ஸ்குவாட்ரன்களின் ஆறு ஃபுல்மார்களும் அவசரமாக மேலேறின. ஜப்பானியச் சண்டை விமானமான ஜீரோவின் வேகம் மணிக்கு 530 கி.மீ. அளவு, ஃபுல்மாருக்கு 400 சொச்சம். ஆறில் நான்கு போயிற்று. அன்று அவர்கள் பறந்தது தங்கள் தளத்துக்கு மேலேயே. இறங்குமிடம் கண்ணெதிரே கிடந்தது. வழி கண்டுபிடிக்க ஆள் தேவைப்படாத சண்டைக்கு, அந்த ஆளையும் அவர் பலகையையும் அவருக்கான கண்ணாடிக் கூண்டையும் சுமந்துகொண்டு ஏறினார்கள். ஏப்ரல் 9 அன்று இவர்களையே மட்டக்களப்புக் கரையோரம் ஹெர்மிஸ் கப்பலைக் காக்க அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் கப்பல் மூழ்கிவிட்டது. ஹெர்மிஸ் ஒரு விமானம் தாங்கிக் கப்பல்; அன்று அதில் ஒரு விமானமும் இல்லை.

ஜப்பானியர் ஒற்றை இருக்கையில் கடல் கடந்து வந்தார்களே, எப்படி? நெடுந்தூரத் தாக்குதலில் ஜீரோக்கள் குண்டுவீச்சு விமானங்களோடு சேர்ந்து பறந்தன. வழி அந்தப் பெரிய விமானங்களில் இருந்தவர்களின் பொறுப்பு. அமெரிக்கர்கள் கப்பலிலிருந்து வரும் ரேடியோ குறிகளைப் பிடிக்கும் கருவியை விமானியின் கையில் கொடுத்தார்கள். பிரிட்டனிடமும் அப்படியொரு வழிகாட்டிக் கருவி இருந்தது. ஆக, 1930இல் பின்னிருக்கைக்குச் சொன்ன காரணம் 1940இல் பாதிதான் மிச்சம். கேள்வி சரியாக இருந்தது, முதல் விடையும் சரியாக இருந்தது. கேள்வி மாறிய பிறகும் விடையை மாற்றாமல் வைத்திருந்ததற்கே நான் குற்றம் சொல்வேன். அந்தக் குற்றம் திட்ட மேசைகளில் இருந்தவர்களுடையது. பலகையோடு உட்கார்ந்தவர்கள் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள்.

1943 ஆகஸ்டில் 803 கலைக்கப்பட்டது. 1945இல் அதே எண் சீஃபயர்களோடு திரும்பி வந்தது, கொஞ்ச காலம் கனடாக் கடற்படைக்கும் போனது. பின்பு பிரிட்டனிலேயே அட்டாக்கர், சீ ஹாக், 1958இல் சிமிட்டர், எல்லாம் ஒற்றை இருக்கை. ஜெட் யுகத்தில் பின்னிருக்கை ஒழிந்தது என்று தோன்றிய நேரத்தில், 1967இல் 803க்கு லாஸிமவுத் தளத்தில் பக்கனியர் வந்தது. அதில் பின்னால் ஓர் இருக்கை. உட்காருபவரின் பெயர் அப்போதும் அப்சர்வர்தான். பென்சிலும் பலகையும் இருந்த இடத்தில் ராடார் திரை. முன்னிருப்பவரின் தலை மறைக்காமல் அவரும் எதிரே பார்க்கட்டும் என்று அந்த இருக்கையைச் சற்று உயர்த்தி, ஒரு பக்கமாக ஒதுக்கிப் பொருத்தியிருந்தார்கள்.